ஹாங்காங் வான்டன் நூடுல்ஸ் கடைகள்: இவ்வளவு சின்னக் கிண்ணத்துக்கு ஏன் இத்தனை பேச்சு?

வடபழனி வாசு:

வணக்கம். வேலை மாற்றலாகி ஹாங்காங் வந்திருக்கிறேன், அலுவலகம் சென்ட்ரல் என்கிற வணிகப் பகுதியில். மதியம் கூட வேலை பார்ப்பவர்கள் அடிக்கடி வான்டன் நூடுல்ஸ் கடைக்குத்தான் கூட்டிப்போகிறார்கள். அவர்கள் முகத்தில் தெரிகிற சந்தோஷம் எனக்கு இன்னும் வரவில்லை. ஏன் என்று தெரிந்துகொள்ள ஆசை, அதனால் இந்த இழை.

கிண்ணம் சின்னது. நாலு வான்டன் (உள்ளே இறாலோ இறைச்சியோ வைத்து மெல்லிய மாவுத்தோலில் மடித்தது), ஒரு பிடி நூடுல்ஸ், அதற்கு 40, 50 டாலர். நூடுல்ஸ் மெல்லிசாக இருந்தாலும் விறைப்பாக இருக்கிறது. முதல் வாயில் ஒரு சோடா வாடை வருகிறது. நம் ஊர் ஃபாஸ்ட்ஃபுட் கடையில் சாப்பிட்டுப் பழகிய நூடுல்ஸுக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. முன்பின் தெரியாத ஒருவர் வந்து எதிரே உட்கார்ந்துகொள்கிறார். பேசிக்கொண்டே சாப்பிடலாம் என்றால் எல்லோரும் குனிந்த தலை நிமிராமல் சாப்பிட்டுவிட்டு எழுந்துவிடுகிறார்கள்.

இது ஏன் இப்படி என்று யாராவது விளக்க முடியுமா? அப்புறம், நான் மாட்டிறைச்சி சாப்பிடுவதில்லை, மற்றதெல்லாம் சரி. அடுத்த மாதம் அப்பாவும் அம்மாவும் வருகிறார்கள். அம்மா சுத்த சைவம். இந்த மாதிரிக் கடையில் அவருக்கு ஏதாவது கிடைக்குமா?

ஷாம் ஷுய் போ செல்வி:

வாசு, வாங்க. பல வருடமாகக் குடும்பத்தோடு இங்கேதான் இருக்கிறேன், இந்தக் கிண்ணத்தின் மேல் எனக்குத் தனிப் பிரியம். எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

அந்தக் கடையில் எல்லாமே நேரத்தை வைத்து நடக்கிறது. மாவு, வாத்து முட்டை, கொஞ்சம் காரநீர் (மிளகாய்க் காரம் இல்லை, சோடா மாதிரியான கரைசல்), இவ்வளவுதான் அந்த நூடுல்ஸ். தண்ணீர் சேர்ப்பதே அபூர்வம். அதனால்தான் அந்த விறைப்பு. ஆனால் சூடான சூப்பில் கிடக்கக் கிடக்க அது ஊறிக்கொண்டே போகும். சில நிமிடம் விட்டால் விறைப்பு போய்த் தொளதொளவென்று ஆகிவிடும், சூப்பும் மாவுத் தண்ணீராகிவிடும். பெரிய கிண்ணத்தில் நிறையப் போட்டுக் கொடுத்தால் கடைசிப் பாதியை யாரும் நல்ல பதத்தில் சாப்பிட முடியாது. முறுகல் தோசையை ஆறவிட்டு யாரும் பேசிக்கொண்டிருப்பதில்லை அல்லவா, அதே காரணம்தான் அங்கே யாரும் பேசாததற்கும்.

அடுத்த முறை கிண்ணத்தைக் கவனித்துப் பாருங்கள். அடியில் கரண்டி இருக்கும். கரண்டியின் மேல் வான்டன், அதற்கு மேல் நூடுல்ஸ். சூப் நூடுல்ஸை முழுக்க மூடாத அளவுக்குத்தான் ஊற்றியிருப்பார்கள். நூடுல்ஸ் அடியில் கிடந்தால் வெந்துகொண்டே இருக்கும் என்பதால் அதை மேலே தூக்கி வைக்கிற ஏற்பாடு அது. வந்தவுடன் கிளறாதீர்கள். முதலில் ஒரு வாய் சூப், பிறகு நூடுல்ஸ், பிறகு வான்டன், கடைசியில் மிச்சச் சூப்.

சோடா வாடை காரநீரிலிருந்து வருகிறது. கவனமான கடையில் அது லேசாகத்தான் இருக்கும். பலமாக அடித்தால் அந்தக் கடையில் ஏதோ ஒரு வேலையைச் சுருக்கிவிட்டார்கள் என்று அர்த்தம். மேசையில் சிவப்பு வினிகர் இருக்கும், அதைப் பாதி சாப்பிட்ட பிறகு சில சொட்டு விட்டுப் பாருங்கள். முதலிலேயே விட்டால் சூப்பின் ருசி போய்விடும்.

சைவம் பற்றித் தனியாக எழுதுகிறேன், அதில் சொல்ல நிறைய இருக்கிறது.

கரண்டி:

செல்வி அக்கா சொன்னதோடு சமையல் பக்கத்தைக் கொஞ்சம் சேர்க்கிறேன். நான் ஹோட்டல் அடுக்களையில் வேலை பார்ப்பவன், கான்டனீஸ் சமையல்காரர்கள் பக்கத்தில் நின்று பார்த்தது இது.

நூடுல்ஸ் வேகும் நேரம் நொடிக் கணக்கு. பெரிய பாத்திரத்தில் தண்ணீர் தளதளவென்று கொதிக்கும். ஒருவருக்கான சுருளைக் கம்பி வலையில் போட்டு உள்ளே விட்டு, சாப்ஸ்டிக்கால் பிரித்துவிட்டு, உடனே எடுத்துக் குளிர்ந்த தண்ணீரில் முக்குவார்கள். மேலே ஒட்டியிருக்கும் மாவும் காரமும் அதில் கழுவிப் போய்விடும், நூடுல்ஸும் இறுகும். மறுபடி கொதிநீரில் ஒரு முக்கு, உதறிவிட்டுக் கிண்ணத்தில். வாசு, உங்களுக்கு வாடை அடித்திருந்தால் அநேகமாக அந்தக் குளிர்ந்த தண்ணீர் பழையதாகியிருக்கும், அல்லது கூட்ட நேரத்தில் அந்த முக்கையே விட்டிருப்பார்கள். கொதிக்கிற தண்ணீரையும் அடிக்கடி மாற்ற வேண்டும்.

அந்த மஞ்சள் நிறம் முழுக்க முட்டையால் வருவதில்லை. கோதுமை மாவிலேயே இருக்கும் நிறப்பொருள் காரம் பட்டால் மஞ்சளாகும். காரநீர் என்பது பொட்டாசியம் கார்பனேட்டும் சோடியம் கார்பனேட்டும் கலந்த கரைசல். மாவிலுள்ள பசைச்சத்தை இறுக்குவதும் அதுதான்.

சூப்புக்கு உயிர் காய்ந்த மீன். தட்டை மீன் வகை ஒன்று, உப்பும் வெயிலும் பட்டுக் காய்ந்தது. அதைத் தீயில் வாட்டி, வாசம் வந்ததும் எலும்போடும் இறால் ஓட்டோடும் சேர்த்து மெல்லக் கொதிக்க விடுவார்கள். வேகமாகக் கொதித்தால் கலங்கிவிடும். காய்ந்த இறால் சினையும் சேரும். நம் ஆட்களுக்கு இந்த வாசம் அந்நியமே இல்லை, கருவாடு வாட்டிய வீட்டில் பிறந்தவர்களுக்கு முதல் வாயிலேயே புரிந்துவிடும்.

மேலே தூவுகிற மஞ்சள் இலையைப் பார்த்திருப்பீர்கள். வெயில் படாமல் மூடி வளர்த்த பூண்டுத்தாள் அது. வெங்காயத்தாள் தூவித் தந்தால் அது செலவைக் குறைத்த கடை.

மாறன்77:

எல்லாம் சரி, ஆனால் சின்னக் கிண்ணத்துக்கு ஊறிப்போகும் என்ற காரணத்தை மட்டும் நான் ஏற்கமாட்டேன். அதே சூப்பில் கூடுதலாக இரண்டு வான்டன் போட்டால் எது ஊறிப்போகும்? சென்ட்ரல் வாடகையை வாடிக்கையாளர் தலையில் கட்டுகிறார்கள், அதற்குப் பாரம்பரியம் என்று பெயர் வைத்துவிடுகிறார்கள்.

வெலிங்டன் தெருவிலேயே மாக்ஸ் நூடுல் ஒரு பக்கம், கிட்டத்தட்ட எதிரிலேயே சிம் சாய் கீ. மாக்ஸில் வான்டன் சின்னது, கிண்ணமும் சின்னது, விலை அதிகம். சிம் சாய் கீயில் பெரிய இறால் வைத்த வான்டன், கிண்ணம் நிறைய நூடுல்ஸ், விலையும் குறைவு. மதியம் அலுவலகக் கூட்டம் எங்கே வரிசையில் நிற்கிறது என்று போய்ப் பாருங்கள். உள்ளூர்க்காரர்கள் வயிற்றுக்குத்தான் ஓட்டுப் போடுகிறார்கள்.

ஷாம் ஷுய் போ செல்வி:

மாறன், சிம் சாய் கீ எனக்கும் பிடிக்கும். பசித்த மதியத்துக்கு அது நல்ல கடை, மறுக்கவில்லை. ஆனால் இரண்டும் ஒரே பண்டம் இல்லை.

வான்டன் நூடுல்ஸ் சாப்பாடாகப் பிறந்ததே இல்லை. தென்சீனாவின் குவாங்ஜோ நகரில் தோளில் காவடி போலச் சுமந்துகொண்டு இரவில் மூங்கில் கட்டையைத் தட்டிக்கொண்டு தெருத்தெருவாக விற்ற பலகாரம் அது. இரவு சாப்பாட்டுக்குப் பிறகு, தூங்கப் போகும் முன் ஒரு சின்னக் கிண்ணம். குவாங்ஜோவில் பெயர் எடுத்தவர் மாக் வூன்-சி. அவர் குடும்பம் பிறகு ஹாங்காங் வந்தது. இன்றைக்கு மாக் என்ற பெயரில் இருக்கும் பல கடைகளும், 1946இல் தொடங்கிய ஹோ ஹுங் கீயும் அந்தக் குடும்பத்தோடும் அவரிடம் தொழில் கற்றவர்களோடும் தொடர்புள்ளவை. அந்த வழியில் வந்த கடைகள் சின்னக் கிண்ணத்தை விடாமல் வைத்திருக்கின்றன. ஹோ ஹுங் கீ இப்போது காஸ்வே பேயில் பளபளப்பான வணிக மாளிகைக்குள் இருக்கிறது, மிஷெலின் நட்சத்திரமும் வாங்கிய கடை. அங்கேயும் நூடுல்ஸ் கிண்ணம் சின்னதுதான்.

வான்டனையும் பாருங்கள். பழைய முறையில் உள்ளே இறாலோடு பன்றி இறைச்சியும் கொஞ்சம் கொழுப்பும் இருக்கும், ஒரே வாயில் போகும் அளவு. மேல்தோல் மெல்லிசாக, பின்னால் மீன் வால் மாதிரி விரிந்து சூப்பில் மிதக்கும். இறாலை மட்டும் உருட்டி உருட்டிப் பெரிதாக்குவது பின்னால் வந்த பழக்கம். பெரிய இறால் உருண்டையைக் கடிக்கும்போது நறுக்கென்று நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் இறாலின் ருசியையும் மீறிச் சூப்பின் ருசி வான்டனுக்குள் போவது அந்தப் பழைய சின்ன வான்டனில்தான்.

மாறன்77:

பலகாரமாகப் பிறந்தது என்றால் பலகாரத்துக்கான விலை வைக்கட்டும். என் பேச்சு அவ்வளவுதான். ருசியில் குறை சொல்லவில்லை.

ஷாம் ஷுய் போ செல்வி:

விலை பற்றி நானும் உங்கள் கட்சி. சென்ட்ரலை விட்டுக் கொஞ்சம் வெளியே வாருங்கள், ஷாம் ஷுய் போவில் இன்னும் நியாயமான விலைக்குக் கிடைக்கிறது.

ஈப்போக்காரன்:

மலேசியாவிலிருந்து எழுதுகிறேன். எங்கள் ஈப்போவும் கான்டனீஸ் பேசும் ஊர். கிந்தா பள்ளத்தாக்கின் ஈயச் சுரங்கங்களுக்கு வந்தவர்களின் வாரிசுகள் அவர்கள். ரயில் பாதை போடவும் தோட்டங்களுக்கும் வந்தவர்களின் வாரிசுகள் நாங்கள். லஹாட் சாலைப் பக்கம் லிட்டில் இந்தியாவில் வளர்ந்த எங்களில் பலருக்குக் கான்டனீஸ் மொழியில் கடையில் பேசி வாங்கும் அளவுக்கு வரும்.

வாசு அண்ணா, அந்த விறைப்பான நூடுல்ஸ் ஒத்துவரவில்லை என்றால் அரிசியில் செய்த ஹோர் ஃபன் கேளுங்கள். பட்டையாக, வழவழவென்று இருக்கும், காரநீர் வாடையே கிடையாது. ஹாங்காங் கடைகளிலும் வான்டனோடு ஹோர் ஃபன் தருவார்கள். எங்கள் ஊர் ஹோர் ஃபன் இன்னும் மெல்லிசு. சுற்றிலும் இருக்கும் சுண்ணாம்புக்கல் மலைத் தண்ணீர்தான் காரணம் என்று ஊரில் எல்லோரும் சொல்வார்கள். கோழி பிய்த்துப் போட்டு, இறால் ஓட்டு எண்ணெய் மிதக்க ஒரு சூப்பில் வரும், அதைக் கை சீ ஹோர் ஃபன் என்போம். பழைய டவுனில் தியான் சுன் கடை இதற்குப் பேர்போனது.

வான்டன் மீ எங்களிடம் வேறு மாதிரி. பெரும்பாலும் உலர்வாகத்தான் கேட்போம். கறுப்புச் சோயா சாஸில் பிரட்டிய நூடுல்ஸ், மேலே சார் சியூ என்கிற வாட்டிய பன்றி இறைச்சி, பக்கத்தில் சின்னக் கிண்ணத்தில் சூப்பும் வான்டனும், தொட்டுக்கொள்ள வினிகரில் ஊறிய பச்சை மிளகாய். அந்த மிளகாய் இல்லாமல் எனக்கு நூடுல்ஸ் இறங்காது. ஹாங்காங் போனபோது மேசையில் அதைத் தேடினேன், மிளகாய் எண்ணெய்தான் இருந்தது.

ஸ்காபரோ தம்பி:

இங்கே கனடாவில் நாங்களும் கான்டனீஸ் ஆட்களும் பக்கத்துப் பக்கத்து வீட்டில்தான் இருக்கிறோம். 83க்குப் பிறகு எங்கள் சனம் ஸ்காபரோவில் வந்து குவிந்தது, 97இல் ஹாங்காங் சீனாவிடம் போவதற்கு முன்னால் அந்தச் சனமும் அப்படியே வந்தது. இரண்டு பகுதியும் பிறகு மார்க்கம் பக்கம் நகர்ந்தது. ஒரே பிளாசாவில் ஒரு முனையில் கொத்து ரொட்டியும் மறு முனையில் வான்டன் சூப்பும் கிடைக்கும்.

இங்கே கிண்ணம் பெரிது, மாறன் அண்ணாவுக்குப் பிடிக்கும். ஆனால் செல்வி அக்கா சொன்னதுதான் நடக்கிறது. பெரிய கிண்ணம் என்றபடியால் கடைசியில் நூடுல்ஸ் ஊதிப்போய்க் கிடக்கும். அதனால் இங்கே பலர் நூடுல்ஸைத் தனியாகவும் சூப்பைத் தனியாகவும் கேட்டு வாங்குவார்கள். பனிக்காலத்தில் வீட்டுக்கு வாங்கிப் போகும்போதும் கடைக்காரரே பிரித்துத்தான் கட்டித் தருவார். நல்ல பழக்கம், எல்லோரும் பின்பற்றலாம்.

வடபழனி வாசு:

எல்லோருக்கும் நன்றி. இவ்வளவு விரிவாக வரும் என்று எதிர்பார்க்கவில்லை. செல்வி அக்கா, கரண்டி அடியில் இருப்பதை இன்று மதியம் பார்த்தேன். கிளறாமல் சாப்பிட்டேன், நூடுல்ஸ் வித்தியாசமாகத்தான் இருந்தது. வினிகரும் விட்டேன், அது எனக்கு ரொம்பப் பிடித்துவிட்டது. கிண்ணம் சின்னது என்ற கருத்தில் மட்டும் மாற்றம் இல்லை, நான் மாறன் பக்கம்.

மாட்டிறைச்சி பற்றி யாரும் சொல்லவில்லையே? வான்டன் கிண்ணத்தில் அது கலக்க வாய்ப்பு உண்டா?

கரண்டி:

வான்டன் சூப்பில் பொதுவாக மாட்டெலும்பு சேர்ப்பதில்லை. பன்றி எலும்பு, காய்ந்த மீன், இறால் ஓடு, இவைதான். மாட்டு நெஞ்சுக்கறியை வேறு பாத்திரத்தில் வேகவைப்பார்கள். ஆனால் பெரும்பாலான கடைகளில் இரண்டும் விற்பார்கள், நூடுல்ஸ் முக்கி எடுக்கும் கொதிநீரும் கம்பி வலையும் எல்லோருக்கும் ஒன்றுதான். உங்களுக்கு அதுவும் கூடாது என்றால் நெஞ்சுக்கறிக்குப் பேர்போன கடைகளைத் தவிர்த்துவிடுங்கள். கோஃப் தெருவில் காவ் கீ அப்படிப்பட்ட கடை, அங்கே கிண்ணத்தில் வருவதே மாட்டிறைச்சிதான். வரிசையைப் பார்த்துவிட்டு நின்றுவிடாதீர்கள்.

இறால் ஒத்துக்கொள்ளாதவர்கள் யாராவது இந்த இழையைப் படித்தால் ஒரு வார்த்தை: வான்டனை விலக்கினால் மட்டும் போதாது. சூப்பிலேயே இறால் ஓடும் சினையும் இருக்கிறது. மீன் உருண்டை நூடுல்ஸ் கேட்டாலும் அதே சூப்பைத்தான் ஊற்றுவார்கள்.

நாகூர் நிலா:

இந்தக் கடைகளின் பக்கமே எங்களால் போக முடியாது, பன்றி எலும்புச் சூப் என்பதால். ஹாங்காங்கில் இருக்கும் நம் முஸ்லிம் குடும்பங்கள் கான்டனீஸ் ருசி பார்க்கவே முடியாது என்று நினைத்துவிட வேண்டாம் என்பதற்காக எழுதுகிறேன்.

வான் சாயில் ஓய் குவான் சாலையில் அம்மார் பள்ளிவாசல் இருக்கிறது. அந்தக் கட்டடத்திலேயே 5ஆம் மாடியில் உணவகம் உண்டு. டிம் சம் என்கிற சின்னச் சின்னப் பலகாரங்கள் முதல் நூடுல்ஸ் வரை எல்லாம் ஹலால். இறால் வைத்த ஹார் காவ் அங்கே நான் விரும்பிச் சாப்பிடுவது. மதியம் கூட்டம் அதிகம், ஜும்ஆ நாளில் சொல்லவே வேண்டாம். கவ்லூன் சிட்டியிலும் சீன முஸ்லிம்கள் நடத்தும் இஸ்லாம் ஃபுட் இருக்கிறது, அது வடக்குச் சீனப் பாணி.

கரண்டி அண்ணன், வீட்டில் இந்தச் சூப் செய்ய வழி உண்டா? கோழி எலும்பை வைத்துச் செய்தால் ருசி கிட்ட வருமா?

கரண்டி:

கிட்ட வரும். தாராளமாகச் செய்யலாம்.

ஷியுங் வானில் டெ வோ சாலை மேற்குப் பக்கம் காய்ந்த கடல் பண்டக் கடைகள் வரிசையாக இருக்கின்றன. அங்கே தட்டை மீன் கருவாடு என்று காட்டிக் கேட்டால் எடுத்துத் தருவார்கள். ஒன்றிரண்டு மீன் போதும். தலையையும் நடு எலும்பையும் தூக்கிப்போடாதீர்கள், வாசமே அதில்தான். அடுப்புத் தணலிலோ அவனிலோ பொன்னிறமாக வாட்டுங்கள். கருகினால் கசக்கும்.

கோழி எலும்பு ஒரு கிலோ. முதலில் ஒரு கொதி விட்டு அந்தத் தண்ணீரைக் கொட்டிவிடுங்கள், அழுக்கும் நுரையும் போய்விடும். புதுத் தண்ணீர் 3 லிட்டர், எலும்பு, வாட்டிய மீன், ஒரு கைப்பிடி காய்ந்த இறால், இரண்டு துண்டு இஞ்சி, கொஞ்சம் வெள்ளை மிளகு. இறால் தலையும் ஓடும் கைவசம் இருந்தால் எண்ணெயில் சிவக்க வதக்கிச் சேர்க்கலாம். இரண்டு மணி நேரம், மேலே லேசாக அசைகிற அளவுக்குத் தீ. மூடி போட வேண்டாம். வடிகட்டிய பிறகு உப்பு போடுங்கள், முன்னால் போட்டால் கருவாட்டு உப்போடு சேர்ந்து மிஞ்சிவிடும். பெருங்காயம், மல்லித்தழை பக்கம் கை போகும், வேண்டாம், விட்டுவிடுங்கள்.

வான்டனுக்கு இறாலை உரித்து, சமையல் சோடா ஒரு சிட்டிகை போட்டுப் பிசறி, கால் மணி நேரம் கழித்துக் குழாய்த் தண்ணீரில் நன்றாக அலசித் துணியில் ஒற்றி எடுங்கள். கடையில் கிடைக்கும் நறுக்குப் பதம் அதனால்தான். ஈரம் இருந்தால் உள்ளே தண்ணீர் விடும். கொழுப்புக்குப் பதில் கோழித் தொடைக்கறி தோலோடு கொத்திச் சேர்க்கலாம். நல்லெண்ணெய், வெள்ளை மிளகு, உப்பு, அரைச் சிட்டிகைச் சர்க்கரை. ஆனால் நம் ஊர்ச் செக்கு நல்லெண்ணெய் வேண்டாம். வறுத்த எள்ளில் எடுத்த சீன எண்ணெய்தான் அந்த வாசம் தரும்.

நூடுல்ஸ் கடையில் சுருளாக விற்பார்கள். ஒருவருக்கு ஒரு சுருள், ஒவ்வொன்றாகத்தான் வேகவைக்க வேண்டும். நாலு சுருளை ஒன்றாகப் போட்டால் தண்ணீர் சூடு இறங்கி எல்லாம் பசையாகிவிடும். வீட்டில் பெரும்பாலோர் தோற்பது சூப்பில் அல்ல, இந்த இடத்தில்தான். எல்லோரும் ஒரே நேரத்தில் உட்கார்ந்து சாப்பிட வேண்டும் என்று நினைக்காதீர்கள். வேக வேக ஒவ்வொருவராகச் சாப்பிடட்டும்.

நாகூர் நிலா:

அல்ஹம்துலில்லாஹ், போதும் போதும் என்கிற அளவுக்குச் சொல்லிவிட்டீர்கள். வார இறுதியில் செய்கிறேன்.

ஷாம் ஷுய் போ செல்வி:

சைவம் பற்றி எழுதுவதாகச் சொன்னேன். வாசு, அம்மாவை இந்த நூடுல்ஸ் கடைகளுக்குக் கூட்டிப்போக வேண்டாம். சோய் சம் கீரையை வேகவைத்துச் சிப்பி சாஸ் ஊற்றித் தருவார்கள், பார்த்தால் சைவம் மாதிரி இருக்கும். அந்த சாஸ் சிப்பியிலிருந்து வந்தது. சாஸ் இல்லாமல் கேட்டாலும் கீரை வெந்தது அதே கொதிநீரில். சில கடைகளில் பளபளப்புக்காகப் பன்றிக் கொழுப்பு எண்ணெயும் விடுவார்கள். காய் மட்டும் போடச் சொன்னேன் என்று நம்பிச் சாப்பிட்டுவிட்டுப் பிறகு தெரிந்து வருந்திய பெரியவர்களைப் பார்த்திருக்கிறேன். பிள்ளைகள் முன்கூட்டியே விசாரிக்க வேண்டிய விஷயம் இது.

இந்த ஊரில் பௌத்த சைவ உணவகங்கள் நன்றாக இருக்கின்றன, அவற்றுக்குக் கூட்டிப்போங்கள். டைமண்ட் ஹில்லில் நான் லியான் தோட்டத்துக்குள் அருவிக்குப் பின்னால் சி லின் சைவ உணவகம். தோட்டத்தையும் பக்கத்திலுள்ள சி லின் பிக்குணி மடத்தையும் பார்த்துவிட்டு மதியம் அங்கேயே சாப்பிடலாம். ஆணியே அடிக்காமல் பொருத்திய மரக் கட்டடங்கள், அப்பாவுக்கும் பிடிக்கும். லாண்டாவ் தீவில் பெரிய புத்தர் சிலை பார்க்கப் போனால் போ லின் மடத்திலேயே சைவச் சாப்பாடு உண்டு. இங்கெல்லாம் வெங்காயம், பூண்டு கூடச் சேர்ப்பதில்லை, அம்மா நிம்மதியாகச் சாப்பிடலாம். சீன மாதத்தின் முதல் நாளும் பதினைந்தாம் நாளும் சைவக் கடைகளில் கூட்டம் அதிகம், நாள் பார்த்துப் போங்கள்.

வடபழனி வாசு:

அக்கா, இது பெரிய உதவி. அருவிக்குப் பின்னால் சாப்பாடு என்றதும் அம்மா இப்போதே நாள் குறித்துவிட்டார். கடையில் நடந்துகொள்வது பற்றியும் கொஞ்சம் சொல்லுங்கள். மேசைக்கு ஒரு கிளாஸ் சுடுதேநீர் வருகிறது, சிலர் அதில் சாப்ஸ்டிக்கைக் கழுவுகிறார்கள். நானும் கழுவ வேண்டுமா?

ஷாம் ஷுய் போ செல்வி:

கழுவலாம், யாரும் தவறாக நினைக்கமாட்டார்கள். பழைய தெருக்கடைக் காலத்துப் பழக்கம், இன்றும் பலர் கை தானாகச் செய்கிறது. கழுவாமல் குடித்தாலும் சரி.

எதிரே ஒருவர் வந்து உட்கார்வதும் அப்படித்தான். அது மரியாதைக் குறைவு இல்லை. காலி நாற்காலி கடையின் சொத்து. வணக்கம் சொல்லத் தேவையில்லை, உங்கள் பையை மடியில் எடுத்து வைத்து இடம் கொடுத்தால் போதும். பரிமாறுபவரைக் கூப்பிட "ம்கோய்" என்று கொஞ்சம் சத்தமாகவே சொல்லுங்கள், நன்றி சொல்லவும் அதே வார்த்தை. பணம் கட்ட "மாய் டான்". வெங்காயத்தாள் வேண்டாம் என்றால் "ஜாவ் செங்". அவர்கள் பேச்சு வெடுக்கென்று இருக்கும், அதை மனதில் வைத்துக்கொள்ளாதீர்கள். கூட்ட நேரத்தில் கிண்ணம் ஆறாமல் உங்கள் கைக்கு வருவதற்காக ஓடுபவர்கள் அவர்கள். நான் அவர்கள் வேலையை மிகவும் மதிக்கிறேன்.

சாப்பிட்டு முடித்து உட்கார்ந்து பேச வேண்டுமென்றால் சா சான் தெங் என்கிற தேநீர்க் கடைகளுக்குப் போங்கள். பால் டீயோடு அரைமணி நேரம் உட்காரலாம், அதுவும் மதியக் கூட்டம் இல்லாத நேரத்தில்.

மாறன்77:

வயிறு நிறைய வேண்டும் என்பவர்களுக்கு இன்னொன்று சொல்லாமல் விட்டால் நியாயமில்லை. சே சாய் மின், அதாவது வண்டி நூடுல்ஸ். 1950களில் சீனாவிலிருந்து வந்து குவிந்த ஏழை ஜனங்களுக்காகத் தள்ளுவண்டியில் விற்றது. தகர அறைகளில் மீன் உருண்டை, முள்ளங்கி, பன்றித் தோல், கணவாய், ரத்தக்கட்டி என்று வரிசையாக இருக்கும். எந்த நூடுல்ஸ், எந்தச் சூப், மேலே எது எது என்று நாமே தேர்ந்தெடுக்கலாம். வண்டிகள் போய்விட்டன, கடைகளாக இருக்கின்றன. காகிதத்தில் குறித்துக் கொடுத்தால் போதும். வான்டன் கடையின் நுணுக்கம் இதில் கிடையாது. ஆனால் கையில் காசு குறைவாக உள்ள ஒருவர் தன் விருப்பப்படி வயிறு நிறையச் சாப்பிட்டுப் போகிற கிண்ணம் இது. எனக்கு ஹாங்காங் சாப்பாடு என்றால் முதலில் இதுதான்.

ஈப்போக்காரன்:

மாறன் அண்ணா, கறி மீன் உருண்டை போட்டுச் சாப்பிட்டிருக்கிறீர்களா? அந்த மஞ்சள் கறி நமக்கு ரொம்ப நெருக்கம்.

மாறன்77:

அது இல்லாமல் என் காகிதம் போனதே இல்லை.

வடபழனி வாசு:

செல்வி அக்கா, ஷாம் ஷுய் போவில் விலை நியாயம் என்றீர்கள். எந்தக் கடை? இந்த ஞாயிறு வரலாம் என்று இருக்கிறேன்.

ஷாம் ஷுய் போ செல்வி:

லாவ் சம் கீ போங்கள். மூங்கில் கழியால் மாவை அழுத்தும் பழைய முறையை விடாமல் வைத்திருக்கும் சில கடைகளில் அது ஒன்று. தடிமனான கழியின் ஒரு முனையைச் சுவரோரம் பொருத்தி, மறு முனையில் ஆள் உட்கார்ந்து எம்பி எம்பி மாவை அழுத்துவார். கையால் பிசைய முடியாத அளவுக்கு உலர்ந்த மாவு அது, அதனால்தான் உடம்பின் முழு எடையும் வேண்டியிருக்கிறது. முதுகும் முட்டியும் தேய்கிற வேலை, புதிதாகக் கற்க வருபவர்கள் குறைவு. பல கடைகள் நூடுல்ஸை ஆலையிலிருந்து வாங்குவதற்கு அதுதான் காரணம். கழி நூடுல்ஸுக்கு நாலு காசு கூடக் கேட்டாலும் நான் மகிழ்ச்சியாகக் கொடுப்பேன்.

அங்கே சூப் நூடுல்ஸ் வேண்டாம், இறால் சினை தூவிய உலர் நூடுல்ஸ் கேளுங்கள், சூப் தனிக் கிண்ணத்தில் வரும். மேலே செம்பழுப்பாகத் தூவியிருக்கும் பொடிதான் சினை. சூடு ஆறும் முன் அடியோடு பிரட்டிவிட்டுச் சாப்பிடுங்கள். நூடுல்ஸ் சூப்பில் ஊறாததால் அவசரமும் இல்லை, உங்களுக்கு அந்த விறைப்பு பிடிக்கிறதா இல்லையா என்று நிதானமாகத் தெரிந்துகொள்ளலாம்.

வடபழனி வாசு:

சரி, முடிவு செய்துவிட்டேன். வேறு யாராவது வருகிறீர்களா?

மாறன்77:

நான் வருகிறேன். மதியக் கூட்டம் கலையட்டும், 3 மணிக்கு வைத்துக்கொள்வோம். எனக்குப் பெரிய கிண்ணம்.